பனியின்மேல் பெய்யும் மழை

ஆர்க்டிக் சூடாகிறது என்றதும் நம் ஊடகங்கள் போடுவது ஒரே படம்தான்: மிதக்கும் பனிப்பாளத்தில் எலும்பும் தோலுமாக ஒரு கரடி. நிலத்தில் நடப்பதை அந்தப் படம் மறைத்துவிடுகிறது. அங்கே துருவமான்களை மந்தை மந்தையாகச் சாகடிப்பது நவம்பரில் பெய்யும் மழை.

துருவமானுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. குளிர்காலத்தில் அதன் முக்கியத் தீனி லைக்கன் (நாம் பிரியாணியில் போடும் கல்பாசியின் உறவுதான்). பனி உதிரியாக இருக்கும்வரை மான் மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்றுவிடும். நடுவில் இரண்டு நாள் வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டி மழை பெய்தால் கதை வேறு. தண்ணீர் பனிக்குள் இறங்கி, உறைந்த தரையைத் தொட்டதும் கட்டியாகிவிடும். லைக்கன் அதற்குள் மாட்டிக்கொள்ளும். மோப்பமும் எட்டாது, குளம்பும் இறங்காது. ஏப்ரலில் இப்படி ஆனால் சில வாரப் பட்டினியோடு தப்பலாம். நவம்பரில் ஆனால் வசந்தம் வரை பூட்டு திறக்காது.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து பகுதிகளில் மான் மேய்க்கும் பழங்குடிகள் சாமி மக்கள். அவர்களுடைய வடக்குச் சாமி மொழியில் தரையோடு ஒட்டிய இந்தக் கட்டிக்கு ‘சுவோஹ்கி’ என்று தனிப்பெயரே உண்டு. பனிக்கடியில் மேய வழி எப்படி இருக்கிறது என்பதற்கு ‘குவோஹ்துன்’. பனி எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் அளப்பவருக்கு இந்த இரண்டும் தெரியவராது.

ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2006 நவம்பர் மழைக்குப்பின் சுமார் 20,000 மான்கள் செத்தன. 2013 நவம்பர் மழைக்குப்பின் 2,75,000இல் 61,000. அந்தப் பக்கத்து ஆர்க்டிக் கடல்களான பேரன்ட்ஸ், காரா முன்போல் சீக்கிரம் உறைவதில்லை. திறந்த கடலிலிருந்து ஈரமும் வெப்பமும் நிலத்துக்கு ஏறுகின்றன. மந்தையை இழந்த, யமாலில் மான் மேய்க்கும் நெனெத்ஸ் பழங்குடிக் குடும்பங்களுக்கு இறைச்சி மட்டும் போகவில்லை, கூடாரத்தை இழுக்கும் வண்டிமாடும் அந்த மான்தான். அதனால் துந்திரா என்ற அந்த மரமற்ற உறைநிலத்தில் நின்ற இடத்திலேயே நின்று, மீன் பிடித்துப் பிழைத்து, உறவினரிடம் மற்றவரிடம் பெட்டைகளை இரவல் வாங்கி, வருடக்கணக்கில் மந்தையைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கனடாவின் பேங்க்ஸ் தீவில் 2003 அக்டோபர் மழை ஏறத்தாழ 20,000 கஸ்தூரி எருதுகளைப் பட்டினி போட்டுக் கொன்றது.

“தீவனம் போட்டால் போச்சு” என்பவர்களுக்கு: லைக்கனில் மாவுச்சத்து அதிகம், புரதம் மிகக் குறைவு. மானின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதற்குப் பழகியவை. பசித்த மானுக்குத் திடீரென்று தானியத் தீவனத்தைக் கொட்டினால் இரைப்பையில் அமிலம் ஏறிச் சாகும். வெறும் வைக்கோலைப் போட்டால் செரிக்காமல் வயிறு நிறைந்தபடியே மெலியும். லைக்கனைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றிரண்டு வாரத்தில்தான் மாற்ற வேண்டும், அதுவும் உடல் வற்றுவதற்கு முன்பே. பழகிய பெரிய மானுக்கு நாளைக்குச் சுமார் 2 கிலோ. நூறு மானுக்கு 200 கிலோ, சாலையில்லாத மேட்டுக்குத் தினமும் போய்ச் சேர வேண்டும். பட்டியில் நெருக்கி அடைத்தால் கண்ணோய் தொற்றும். பணம் இருந்தும் மேய்ப்பர்கள் இதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர்களுடைய முதல் வழி இடம் மாறுவது. ஒரு பள்ளத்தாக்கு கட்டிதட்டினால், காற்று பனியை வாரிக்கொண்டுபோன வேறொரு மேட்டுக்கு ஓட்டிப்போவார்கள். அந்த மேட்டின்மேல்தான் காற்றாலைக்காரர்களுக்கும் கண். நார்வேயின் ஃபோசனில், ஸ்டோர்ஹேயா, ருவான் என்ற இரண்டு இடங்களில் 151 காற்றாலைகள் நட்டார்கள். கீழ் நீதிமன்றம், குளிர்காலத் தீவனச் செலவென்று கணக்குப் போட்டு கிட்டத்தட்ட 9 கோடி குரோனர் இழப்பீடு கொடுத்தது. 2021 அக்டோபர் 11இல் உச்ச நீதிமன்றம், பட்டித் தீவனத்தை நம்பி முடிவெடுக்க முடியாது, அனுமதிகளே சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியவை என்று ஒருமனதாகச் சொன்னது. தீவனக் கணக்கையும் மேய்ச்சல் நிலக் கணக்கையும் பிரித்துப் பார்த்த அந்தத் தீர்ப்பு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. காலநிலையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, காலநிலையால் முதலில் அடிபட்டவனின் மாற்றுமேய்ச்சலைப் பிடுங்குவதற்குப் பசுமை என்று பெயர் வைக்க முடியாது.

தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. 2023 டிசம்பரில் தெற்கு ஃபோசன் மேய்ப்பர்களோடு செய்த உடன்பாட்டில் வேறிடத்தில் கூடுதல் குளிர்கால மேய்ச்சல் நிலம் தருவதாக அரசு ஏற்றுக்கொண்டது. அந்த நிலத்தை வரைபடத்தில் பார்த்து முடிவுசெய்யாமல், ஒரு நவம்பர் மழைக்குப்பின் மேய்ப்பர்களோடு நடந்துபோய், குழி தோண்டிக் குவோஹ்துன் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.