மூணு பேர் சமமா நின்னா யாரை அனுப்பறது?

நவம்பர்ல ராத்திரி ஒரு மணிக்கு டிவி முன்னாடி உக்காரற டென்னிஸ் பைத்தியங்க கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு நம்ம பக்கம் இருக்கத்தான் செய்யறாங்க. இத்தாலியில டூரின்ல ராத்திரி எட்டரை மணி ஆட்டம்னா நமக்கு ஒரு மணி. இது அவங்களுக்கானதுங்க.

அங்க நடக்கற ஏடிபி ஃபைனல்ஸ், ஆண்கள் டென்னிஸ்ல வருஷக் கடைசிப் பெரிய போட்டி. அதுல 8 பேர், நாலு நாலா ரெண்டு குரூப். ஆளுக்கு மூணு ஆட்டம், குரூப்புக்கு ரெண்டு பேர் செமிக்குப் போவாங்க. குரூப்ல ஒரு வெற்றிக்கு 200 பாயிண்ட், செமி ஜெயிச்சா 400, ஃபைனலுக்கு 500. அஞ்சும் ஜெயிச்சா 1500.

ஆள் எடுக்கறது தரவரிசையைப் பாத்து இல்லீங்க. தரவரிசை கடைசி 52 வாரக் கணக்கு. அந்த வருஷத்துப் பாயிண்டை மட்டும் எண்ணற ரேஸ் பட்டியல்தான் ஜனவரியில சைபர்ல ஆரம்பிக்கும். அதுல முதல் 7 பேர் நேரா உள்ள. எட்டாவது இடம், அந்த வருஷம் கிராண்ட்ஸ்லாம்ங்கற நாலு பெரிய போட்டியில ஒண்ணை ஜெயிச்சு முதல் 20க்குள்ள நிக்கறவருக்கு. அப்படி யாரும் இல்லீன்னா எட்டாவது ஆளுக்கே. 2022ல விம்பிள்டன்ல பாயிண்டே தரல. ஜெயிச்ச ஜோகோவிச் இந்த வழியாத்தான் உள்ள வந்தாரு, அஞ்சு ஆட்டமும் ஜெயிச்சு கோப்பையையும் எடுத்தாரு.

என் சண்டை குரூப் கணக்கோடதான். முதல்ல வெற்றி எண்ணிக்கை, அப்புறம் யாரு அதிக ஆட்டம் ஆடினாங்கங்கறது. ரெண்டு பேர் சமம்னா நேர்ல ஜெயிச்சவரு மேல. மூணு பேர் சமம்னா செட் சதவீதம், அதாவது ஆடின செட்ல எத்தனை ஜெயிச்சாங்கன்னு. அதுவும் சமம்னா கேம் சதவீதம் (கேம்கள் சேந்ததுதான் ஒரு செட்).

2009ல லண்டன்ல நடந்த ஃபைனல்ஸைப் பாருங்க. ஃபெடரர், டெல் போட்ரோ, மர்ரே மூணு பேருக்கும் ரெண்டு வெற்றி, ஒரு தோல்வி. செட்டும் மூணு பேருக்கும் 5-4. கேம்ல ஃபெடரர் 44-40, டெல் போட்ரோ 45-43, மர்ரே 44-43. சதவீதமாச் சொன்னா 52.38, 51.14, 50.57. மர்ரே ஒரே ஒரு கேம் குறைச்சு விட்டிருந்தா 51.16 ஆகி உள்ள போயிருப்பாரு. இத்தனைக்கும் டெல் போட்ரோவை அதே குரூப்ல 6-3, 3-6, 6-2ன்னு ஜெயிச்சவரு அவரு!

மர்ரேயைக் கீழ இழுத்ததுல, குரூப்ல நாலாவது ஆளான வெர்டாஸ்கோவை 6-4, 6-7, 7-6ன்னு போராடி ஜெயிச்ச ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. வெற்றிதான், ஆனா கேம் கணக்குல வெறும் 19-17. ஐபிஎல் ரன் ரேட்ல ஒரு பந்து மிச்சம் வெச்சு ஜெயிச்சா என்ன கிடைக்குமோ அதேதான். கிரிக்கெட்ல வேகமா அடிக்கறதும் ஆட்டத்தோட ஒரு பகுதி, சரி. டென்னிஸ்ல 6-6ன்னு ஆனா செட்டை முடிக்க ஆடற டை-பிரேக் வரைக்கும் நின்னு ஜெயிக்கறது தப்பா?

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வட்டமா ஜெயிச்சிருக்கறப்ப நேர்மோதலை வெச்சு மூணு பேரையும் வரிசைப்படுத்த முடியாதுங்கறது நிசந்தான். அதனால சதவீதத்தை முதல் ஆளைப் பிரிக்க மட்டும் வெச்சுக்கட்டும். மிச்சம் ரெண்டு பேருக்கு நேர்ல யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்கணும். இப்ப இருக்கற விதிப்படி அந்த ரெண்டு பேரோட சதவீதமும் சமமா இருந்தாத்தான் நேர்மோதலுக்கே வருவாங்க. அங்கதான் கோளாறு.

பாதியில விலகறதும் ஒரு சிக்கல். 2023ல சிட்சிபாஸ் மூணு கேம்லயே காயத்தோட வெளியேறிட்டாரு. ரூனேவுக்கு அது 2-0 செட் வெற்றியாப் பதிவாச்சு. கடைசி குரூப் ஆட்டத்துல ரூனே சின்னரை ஜெயிச்சிருந்தா மூணு பேருக்கும் ரெண்டு வெற்றின்னு ஆகி, ரூனேவை நேர்ல ஜெயிச்ச ஜோகோவிச் செட் கணக்குல வெளிய போயிருப்பாரு. சின்னர் ஜெயிச்சதால தப்பிச்சாரு, ஃபைனல்ல சின்னரையே ஜெயிச்சாரு.

நம்மூரு கிளப்புகள்ல சனி, ஞாயிறு நாலு பேர் குரூப் போட்டு ஆடறவங்களுக்கு ஒண்ணு சொல்றேனுங்க. சமம் வந்தா என்ன விதின்னு முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே அட்டவணைக்குக் கீழ எழுதி ஒட்டிடுங்க. ஸ்கோர் ஷீட்ல "ரெண்டு செட் ஜெயிச்சாரு"ன்னு மட்டும் போடாம, செட் செட்டா எத்தனை கேம்னு குறிச்சு வையுங்க. பாதியில விலகினா அந்த ஆட்டத்தோட கேமைச் சேக்கறதா வேண்டாமான்னும் அப்பவே முடிவு பண்ணிடுங்க.