இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

பெரியம்மாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த அந்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாக்கு, உதட்டின் உட்புறம், தொண்டை எல்லாம் புண். மோர்ச் சாதம்கூட இறங்கவில்லை. மும்பைத் தாராவியில் எங்கள் சந்து முழுக்க "உடம்புச் சூடு" என்றார்கள். மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்திருந்தன.

காரணம் வீட்டில் எவர்சில்வர் டப்பாவுக்குள் இருந்தது. மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்காக அவருக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தார்கள். புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து அது. மூட்டுக்குச் சிறிய அளவில், வாரத்தில் ஒரே நாள், ஞாயிறு மட்டும்தான். மற்ற ஆறு நாளும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். கடைக்காரர் அட்டையை வெட்டி இரண்டு காகித உறைகளில் போட்டு, பெயர்கூட எழுதாமல், இந்தியில் விளக்கி அனுப்பிவிட்டார். பெரியம்மாவுக்கு உறை மாறிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைத் திங்கள் முதல் சனி வரை விழுங்கியிருக்கிறார்.

ஃபோலிக் அமிலம் உடலில் செய்யும் வேலையை மெத்தோட்ரெக்சேட் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள் அதனால் அடிபடும். ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் வாயின் உள்தோலும் அப்படிப் பெருகுபவைதான். (இந்த இரண்டு மருந்துகளும் 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவிடமிருந்து வந்தவை.) ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவமான ஃபோலினிக் அமிலத்தை ஊசியாகப் போட்டுத்தான் பெரியம்மாவை மீட்டார்கள்.

அதோடு முடியவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்கிய பிறகு ஒரு நாள் சிறுநீர் எரிச்சல். தெருமுனைக் கடையில் மருத்துவர் சீட்டே கேட்காமல் கோட்ரைமாக்சசோல் கொடுத்திருக்கிறார்கள். கிருமியைக் கொல்லும் அந்த மருந்தும் அதே ஃபோலிக் அமிலத்தின் வழியைத்தான் அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை படுத்துவிடும், உயிரே போகலாம். நல்லவேளை, முதல் மாத்திரைக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

"படிக்காத கிழவி, மாற்றிச் சாப்பிட்டுவிட்டாள்" என்று உறவினர் ஒருவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டு ஆங்கிலத்தில், விளக்கம் இந்தியில், சாப்பிடுகிறவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். பிழை அவருடையதா? மருத்துவர் சீட்டில் கிழமையின் பெயரை எழுத வேண்டும். கடைக்காரர் இந்த மருந்தை வெட்டித் தரவே கூடாது. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களே, வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை இன்றே திறந்து பாருங்கள். சீட்டு புரியாவிட்டால் மருத்துவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.