ஒற்றை இலைக் கொடி

(மட்டக்களப்பு, கல்லடி. ஆடி மாதக் கச்சான் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது. "வந்து என் கொடியைப் பார்" என்று பவானி கூப்பிட்டதால் செல்வி வந்திருக்கிறாள்.)

செல்வி: கொடி எங்கே மச்சாள்?

பவானி: கண்ணுக்கு முன்னால்தானே நிற்கிறது!

செல்வி: எனக்குக் கயிறுதான் தெரிகிறது. முகடு வரைக்கும் போகிறது.

பவானி: கயிற்றுக்குக் கீழே பார் கா.

செல்வி: சட்டியில் ஒரு இலை குத்தி நிற்கிறது.

பவானி: அதுதான். ஹோயா. கொழும்பிலிருந்து மருமகள் அனுப்பியது. இதயம் மாதிரி இருக்கிறதா? காதலர் தினத்துக்கு விற்பார்களாம்.

செல்வி: அனுப்பி எவ்வளவு காலம்?

பவானி: வருகிற மாசியோடு 3 வருஷம். அவசரப்படாதே, இப்போதுதான் வேர் பிடிக்கிறது.

செல்வி: வேர் பிடிக்கும், கொடி வராது. கணுவோடு தண்டு இருந்தால்தான் குருத்து விடும். வெறும் இலையை நட்டால் வருஷக்கணக்கில் பச்சையாக அப்படியே இருக்கும், பென்சன் எடுத்த உங்கள் தம்பி மாதிரி.

பவானி: என் தம்பியை ஏன் இழுக்கிறாய்? நான் தினமும் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுகிறேன்!

செல்வி: அது படலையிலேயே மணத்தது. இன்னும் அழுகாதது உங்கள் அதிர்ஷ்டம். மரத்தில் தொற்றி வளர்கிற சாதி இது. தண்ணீரைத் தடித்த இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். என் வீட்டில் கார்னோசா என்ற இன்னொரு ஹோயா நிற்கிறது, அதில் இரண்டு கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். பால் வடியும், எருக்கலையின் சொந்தம்தானே. தும்புச்சோறும், அதுதான் தேங்காய்த் தும்புத் தூளும், கரித்துண்டும் போட்டு நடுங்கள். தயிர்ச்சட்டி காணும், அடியில் ஓட்டை போட வேண்டும்.

பவானி: பெரிய சட்டி வேண்டாமா?

செல்வி: வேர் நெருங்கி இருக்கத்தான் அதற்கு விருப்பம். காலை வெயில் படுகிற ஜன்னலில் வையுங்கள், மத்தியான வெயில் இலையைச் சுட்டுவிடும். பூக்க இரண்டு மூன்று வருஷம் பிடிக்கலாம்.

பவானி: பூத்தால் பிள்ளையாருக்கு வைக்கலாமா?

செல்வி: பூவை மட்டும் கிள்ளுங்கள். பூக்காம்பை வெட்டாதீர்கள், அடுத்த முறையும் அதிலேதான் பூக்கும்.

பவானி: சரி, அந்தத் துண்டை இந்தச் சட்டியிலேயே நடுவோம். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு மருமகள் வருகிறாள். இலை தளிர்த்துவிட்டது என்று சொல்லலாம்.

செல்வி: அந்த இலை நீளம், இது இதயம். கண்டுபிடிக்க மாட்டாளா?

பவானி: கல்யாணத்துக்கு முன்னால் காட்டிய போட்டோவும் வந்து இறங்கிய ஆளும் ஒன்றாகவா இருந்தது? நான் வாய் திறந்தேனா?