கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவர்கள்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை மூன்று நாளாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது, அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. அங்கே பேசிய அந்தப் பெரியவர், மூத்த எழுத்தாளர், அவர் பெயரை எழுதப் போவதில்லை, கமெண்டில் நீங்களும் எழுத வேண்டாம். அவர் சொன்ன அந்த ஒரு பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ரேஷன்ல அரிசி சும்மா குடுக்குறாங்க, ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்குது. இந்தக் காலத்துல யாரும்மா பட்டினி கிடக்குறா? வட சென்னைக்காரங்க இந்தப் பசியை எப்பதான் விடுவீங்க?"

இதை யாரிடம் கேட்டார்? காசிமேட்டிலிருந்து வந்து, முதல் முறையாக மைக்கைப் பிடித்து, பசியைப் பற்றிய தன் முதல் கதையை வாசித்து முடித்த பெண்ணிடம். அவள் கையில் தாள் நடுங்கியதை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஐயா, பட்டினி கிடக்கிறவர்கள் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ராத்திரிச் சாப்பாட்டை யாரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட மாட்டார்கள். வாசப்படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொள்வோம். எதிர்வீட்டுக் குழம்பு ஒரு கரண்டி இங்கே வரும், நம் வீட்டு வறுவல் ஒரு துண்டு அங்கே போகும். எட்டு மணிக்கு ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் அன்றைக்கு அங்கே உலை வைக்கவில்லை என்று தெருவுக்கே தெரியும். தெரிந்தும் யாரும் தட்ட மாட்டார்கள். அது அந்த வீட்டுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை.

நைனா விசைப்படகில் கூலிக்குப் போனவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகு நிற்கும். அப்போது 45 நாள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் எங்கள் கதவும் சாத்தியிருக்கும். அம்மா என் கையில் தூக்குவாளியைக் கொடுத்து டீக்கடைக்கு அனுப்புவாள். "யாருனா கேட்டா ஊர்லேர்ந்து மாமா வந்துகீறாருன்னு சொல்லு." ரெண்டு டீ, ஆறு பொறை பிஸ்கட். தங்கச்சிக்குப் பொறையை டீயில் நன்றாக ஊறவிட்டுக் கொடுப்பாள், ஊதிப் பெரிசானால் வயிறு நிறையும் என்று. அம்மா மட்டும் சாப்பிட மாட்டாள். செவ்வாய் அம்மனுக்கு, வியாழன் பாபாவுக்கு, சனி பெருமாளுக்கு. நைனா கடலுக்குப் போய் நாலு காசு வந்ததும் விரதமெல்லாம் நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இருபது வயது ஆக வேண்டியிருந்தது.

கல்லூரி இரண்டாம் வருஷம், தமிழ் வகுப்பில் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை. ஒரு வறுமைப்பட்ட வீட்டின் அடுக்களை. கண் திறக்காத குட்டிகள் பாலுக்கு முட்டுவதைத் தாங்க முடியாமல் ஈன்ற நாய் குரைக்கிறது. கறையான் அரித்த சுவர், பூத்துக் கிடக்கும் காளான். கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுபவனின் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள், உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு "மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து" சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். மடவோர் என்றால் வறுமையின் தன்மை அறியாதவர்கள், அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்ற வெட்கத்தில் கதவை அடைத்தாள் என்று தமிழையா உரை சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் அம்மாவைப் பற்றி யாரோ இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை என்றுதான் அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். அதற்கா சிரித்தீர்கள்?

"பசியை எழுதினால் அழகியல் போய்விடும்" என்று இன்னொருவர் நேற்று எழுதியிருந்தார். புறநானூறு 164 படியுங்கள். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் இல்லாத மார்பைச் சுவைத்துச் சுவைத்து அழும் பிள்ளை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் தாய், அவள் முகத்தைப் பார்க்கும் புலவர் பெருந்தலைச் சாத்தனார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வள்ளல் குமணனைத் தேடி வந்தேன் என்கிறார். இதைவிட அழகாக எழுத முடிந்தவர்கள் எழுதிக் காட்டட்டும். பசிப்பிணி என்னும் பாவி "நாணணி களையும்" என்கிறது மணிமேகலை. அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எங்கள் தெருவில் பசி எல்லாவற்றையும் களைந்தது, நாணத்தை மட்டும் விட்டுவைத்தது.

இனி ரேஷன் அரிசிக்கு வருகிறேன். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். 2011-இலிருந்து இலவசமாக வரும் அந்த அரிசி எத்தனை வீட்டைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்ட பிட்டி தியாகராயர் எங்கள் வண்ணாரப்பேட்டைக்காரர். அந்தப் பெருமை எனக்கு உண்டு. சத்துணவில் வளர்ந்த உடம்பு இது. வாரத்துக்கு ஒரு முட்டை போட்ட காலத்தில், அந்த முட்டையைத் தங்கச்சிக்கென்று காக்கி நிஜார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தேன். பெஞ்சில் இடிபட்டு நசுங்கிவிட்டது. மஞ்சள் கரு துணியில் ஒட்டி, நாலு மணிக்கு வாடை வந்து, டீச்சர் எழுப்பி நிற்கவைத்துப் பாக்கெட்டை வெளியே இழுக்கச் சொன்னார். அன்றைக்கும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி துணியோடு ஒட்டியதைச் சுரண்டித் தின்றாள்.

திட்டம் இருக்கிறது, அதனால் பசி இல்லை என்பது எப்படிச் சரியாகும்? பசி இருப்பதால்தானே திட்டம்! இன்றைக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். வாடகை, கேஸ், பிள்ளைகள் எல்லாம் அதற்குள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை, பெண்களில் 53 சதவீதத்துக்கு ரத்தசோகை. 2024 செப்டம்பரில் சென்ட்ரல் ஸ்டேஷனில், வேலை தேடி வந்த மேற்கு வங்கத் தொழிலாளர்கள் பசியில் மயங்கி விழுந்தார்கள், ஒருவர் பிழைக்கவில்லை. கூட்டம் நடந்த அரங்கிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கு ஒரே பஸ்.

எங்கள் ஆயா கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. தாது வருஷப் பஞ்சத்தில் 1877-இல் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன, ஜனம் செத்தது. "வீடுதோறிரந்தும் பசியறாது அயர்ந்த வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்" என்று பாடிய வள்ளலார் வளர்ந்தது ஏழுகிணற்றில். எங்கள் மண்ணில் எங்கே தோண்டினாலும் பசிதான் வரும். விடச் சொன்னால் எதை விடுவது?

"பசியை விற்கிறீர்கள்" என்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு சால்வை. கதை எழுதிய மூன்று ராத்திரியும் தூங்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். "நீ இப்போ நல்ல சம்பளம் வாங்குறியே, உனக்கென்ன?" என்றும் கேட்பார்கள். ஆமாம், வாங்குகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு யார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தாலும் இன்றைக்கும் என் வயிறு கலங்குகிறது. அதற்கு எவ்வளவு சம்பளம் வாங்கினால் சரியாகும்?

நியாயமாகப் பேச வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் பெரியவரின் கதைகளைப் படித்துத்தான் நான் எழுத வந்தேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும், இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் அந்த டீ, பொறையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னாத்துக்குடா அதெல்லாம்? தெருவுல நாலு பேரு படிச்சா நம்பளப் பத்தி இன்னா நெனப்பாங்க?" சரி, எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குத் தெரியாமல்தான் இதைப் போடுகிறேன்.