நண்பனை வெட்டச் சொல்லும் மானம்

ரீல்ஸில் அடிக்கடி வரும் ஒரு சமாச்சாரம். செர்ரிப் பூ உதிரும், பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல், கையில் வாளோடு ஒருத்தன் முடி பறக்க நிற்பான். கீழே ‘நண்பனுக்காக உயிரைக் கொடுப்பவனே சாமுராய்’ என்கிற மாதிரி ஒரு வரி. பகிர்பவர்களில் பாதிப் பேர் என் நட்பு வட்டம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த வீடியோவில் நிற்கிற ஆள் ஹிஜிகாட்டா தோஷிசோவாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர் துணைத்தளபதியாக இருந்த ஷின்செங்குமி என்ற படையில், சட்டத்தின் பெயரால் நண்பர்களே நண்பர்களைக் கொன்றார்கள். அந்தச் சட்டத்தைப் பிடிவாதமாக நிறைவேற்றியவரும் இதே ஹிஜிகாட்டாதான்.

நான் சொல்ல வருவது இதுதான். சாமுராய் அனிமேக்களில் நம்மை உருக வைக்கிற நட்பு, சாமுராய் மானத்திலிருந்து பிறந்தது அல்ல. அந்த மானத்தை மீறித்தான் அது உயிரோடு இருக்கிறது. நல்ல அனிமே இயக்குநர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வரலாற்றில் மானம் கொன்றுபோட்ட நண்பர்களை அவர்கள் மறுபடி மறுபடி தோண்டி எடுத்துப் பிழைக்க வைக்கப் பார்க்கிறார்கள். (கீழே ஸ்பாய்லர் உண்டு. 1865லும் 1867லும் நடந்தவற்றுக்கு எச்சரிக்கை போட முடியாது, கின்டாமா அனிமே பார்க்காதவர்கள் மட்டும் பார்த்துப் படியுங்கள்.)

ஷின்செங்குமியிலிருந்து ஆரம்பிப்போம். 1863இல் கியோட்டோவில் உருவான படை. அப்போது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனுக்கு எதிரான கலகக்காரர்களைத் தேடிப் பிடிப்பதும் வெட்டுவதும் வேலை. தளபதி கொண்டோ இசாமியும் ஹிஜிகாட்டாவும் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) மேற்கே தாமா பகுதியின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஹிஜிகாட்டா வீட்டில் தயாரித்த காயத்துக்கான மருந்துப் பொடியை ஊர் ஊராகத் தூக்கிப்போய் விற்றவர். எடோவில் கொண்டோ நடத்திய ஷியேய்கான் என்கிற சின்னப் பயிற்சிக்கூடத்தில்தான் ஒகிதா சோஜி, யமானமி கெய்சுகே, தோதோ ஹெய்சுகே, நாகாகுரா ஷின்பாச்சி, ஹராதா சனோசுகே எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். அதாவது பிற்காலத்தில் ஒருவரையொருவர் வெட்டப்போகிறவர்கள், ஒரே பானையில் சாப்பிட்டவர்கள்.

பிறவிச் சாமுராய்க்கு தான் சாமுராய் என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் கிடையாது. கொண்டோவுக்கும் ஹிஜிகாட்டாவுக்கும் இருந்தது. அதனால் அசல் சாமுராய்களைவிட இறுக்கமாக விதி போட்டார்கள். படையை விட்டு ஓடினால் செப்புகு, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகவேண்டும். இன்று ரசிகர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஐந்து விதிகள் 1928இல் வந்த ஷிமோசாவா கானின் புத்தகம் வழியாகப் பிரபலமானவை, அந்தப் பட்டியல் அப்படியே இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் ஓடியவர்கள் செத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

யமானமி 1865இல் ஓடினார். படித்தவர், மென்மையானவர், ஒகிதாவுக்கு அண்ணன் மாதிரி. ஏன் ஓடினார் என்பதற்குப் பல கதைகள். படையை நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்கு மாற்றியதில் கசப்பு என்பது அதில் ஒன்று. அவரைத் தேடிப் பிடிக்க அனுப்பப்பட்டது ஒகிதா, அதுவும் தனியாக. கியோட்டோவை ஒட்டிய ஓட்சுவிலேயே ஆள் கிடைத்துவிட்டார் என்று மரபாகச் சொல்வார்கள். நான் இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடுவேன். உண்மையிலேயே தப்பிக்க நினைத்தவர் ஓட்சுவிலா தங்குவார்? உண்மையிலேயே பிடிக்க நினைத்தவர்கள் ஒகிதாவை மட்டுமா அனுப்புவார்கள்? காணவில்லை என்று ஒகிதா திரும்பியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் போல. ஆனால் இருவரும் சேர்ந்தே திரும்பி வந்தார்கள். யமானமி செப்புகு செய்துகொண்டார். வேதனை நீளாமல் இருக்கப் பின்னால் நின்று தலையை வெட்டியது ஒகிதா.

இப்போது ஹாகுவோக்கிக்கு வாருங்கள். 2008இல் வந்த ஒரு காதல் வீடியோ கேமிலிருந்து 2010இல் ஸ்டூடியோ டீன் எடுத்த அனிமே. அழகழகான ஆண்கள், நடுவில் ஒரு பெண், ரத்தக்காட்டேரி மாதிரி ஒரு இனம் என்று நம்ம சீரியஸ் ரசிகர்கள் முகம் சுளிக்கும் சமாச்சாரம் எல்லாம் உண்டு. அதில் யமானமி செப்புகு செய்துகொண்டு சாவதில்லை. கையில் காயம்பட்டு வாள் பிடிக்க முடியாமல்போன விரக்தியில் ஒரு மாய மருந்தைக் குடிக்கிறார், மனிதனும் இல்லாத பேயும் இல்லாத ஒன்றாக மாறுகிறார். வெளியுலகத்துக்கு அவர் செத்துவிட்டார் என்று படையே சொல்லிவிடுகிறது. பின்னால் தோதோ ஹெய்சுகே சாகக் கிடக்கும்போதும் அதே மருந்து, அதே கதை.

முதலில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. வரலாற்றிலேயே கனமான காட்சி கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு மருந்துக் குப்பியா என்று. யோசித்தால், அந்தக் குப்பி இந்த இருவரிடம் வரும் இடங்களைக் கவனியுங்கள். நண்பர்களின் கையால் நண்பன் செத்த அதே இடங்கள். எதிரி கையால் செத்தவர்களைக் கதாசிரியர்கள் சாக விடுகிறார்கள், இந்த இரண்டு சாவை மட்டும் அவர்களால் எழுத முடியவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்லலாம்தான். எனக்கு என்னவோ அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிப் படுகிறது.

ஹெய்சுகேயின் கதை இன்னும் மோசம். இட்டோ காஷிதாரோ என்ற படித்த தலைவரின் பின்னால் ஒரு குழு படையைவிட்டுப் பிரிந்துபோனது, ஹெய்சுகேயும் போனார். 1867 டிசம்பரில் கொண்டோ இட்டோவை விருந்துக்கு அழைத்தார். நன்றாகக் குடிக்கவைத்து அனுப்பி, திரும்பும் வழியில் ஈட்டியால் குத்தினார்கள். அதோடு விடவில்லை. பிணத்தை அபுரானோகோஜி தெருவிலேயே போட்டுவைத்தார்கள், எடுக்க வரும் அவருடைய ஆட்களைச் சுற்றி வளைக்க. ஹெய்சுகே வந்தார். கொண்டோவே அவனை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொன்னதாகவும், தான் வழிவிட்டு நின்றதாகவும் நாகாகுரா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரியாத இன்னொருவன் வெட்டிவிட்டான்.

விருந்துக்கு அழைத்துக் கொல்வதும் பிணத்தைத் தூண்டிலாக்குவதும் எந்த மானத்தில் சேர்த்தி என்று ரீல்ஸ்காரர்கள்தான் சொல்லவேண்டும்.

சாமுராய் மானம் என்று நாம் இன்று கற்பனை செய்துவைத்திருப்பதே பெரும்பாலும் பிற்காலச் சரக்கு. உலகம் முழுக்க அந்தப் பிம்பத்தைப் பரப்பிய நிதோபே இனாசோவின் புத்தகம் 1900 வாக்கில் அமெரிக்காவில், ஆங்கிலத்தில் வந்தது. அப்போது சாமுராய் என்ற வர்க்கமே ஒழிந்து, பொது இடத்தில் வாள் வைத்திருக்கத் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சரி, அது பெரிய கதை, விடுங்கள்.

இந்த இட்டோவுக்கு அனிமேயில் நியாயம் செய்தது யார் தெரியுமா? மூக்கை நோண்டிக்கொண்டு, டாய்லெட் ஜோக் அடிக்கிற கின்டாமா. அதன் ஷின்செங்குமியில் கொண்டோ ஒரு கொரில்லா, ஹிஜிகாட்டா சோற்றில் மயோனைஸைக் கொட்டிச் சாப்பிடுபவர், ஒகிதா பதவிக்காகத் தினமும் ஹிஜிகாட்டாவைக் கொல்லப் பார்ப்பவன். 101ஆவது எபிசோடிலிருந்து 105 வரை வரும் கதையில் இட்டோ கமோதாரோ என்று ஒருவன். கொண்டோவைக் கொல்லத் திட்டம் போட்ட துரோகி. எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தும் சின்ன வயதிலிருந்து யாரும் பக்கத்தில் வராத தனியன். கடைசியில் ஒரு கை போய், தான் கொல்ல நினைத்தவர்களையே மறைத்து நின்று குண்டுகளை வாங்கிக்கொள்கிறான். எப்படியும் சாகப்போகிறான், விட்டுவிடலாமே என்று நமக்குத் தோன்றும். விட மாட்டார்கள். துரோகிக்குச் சாவு, அது படைவிதி. குற்றுயிராக இழுத்துப்போய் நடுவில் போடுகிறார்கள். ஹிஜிகாட்டா அவன் முன்னால் ஒரு வாளை எறிந்து, எழுந்திரு, நம் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, இட்டோ ஒற்றைக் கையால் வாளை எடுத்துக்கொண்டு எழுகிறான். ஒரே வெட்டு. நன்றி சொல்லிவிட்டு விழுகிறான்.

விதி ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை, துரோகி செத்தான். ஆனால் தெருவில் தூண்டிலாகக் கிடந்த ஒரு பிணத்துக்குப் பதிலாக, தோழர்களுக்கு நடுவில் நின்று சாகிற ஒரு மனிதனைத் தந்துவிட்டார்கள். வரலாறு தெரிந்து இதைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கும். அதற்கு முந்தைய எபிசோடுகளில்தான் ஹிஜிகாட்டா ஒரு சபிக்கப்பட்ட வாளால் பயந்தாங்கொள்ளி அனிமே வெறியனாக மாறி நம்மைச் சிரிக்கவைத்திருப்பார். எந்த தைரியத்தில் இப்படி எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

அதே தொடரில் நாயகன் கின்டோக்கியின் கதையும் இதே முடிச்சுதான், இன்னும் கொடூரமாக. குருவையா, நண்பர்களையா? தன்னை வளர்த்த ஆசானின் தலையைத் தானே வெட்டினால் தகாசுகியும் கட்சுராவும் பிழைப்பார்கள். நம்ம செஞ்சோற்றுக்கடன் கணக்கில் பார்த்தால் இது மன்னிக்கவே முடியாத பாவம். கின்டோக்கி வெட்டுகிறான். ஏனென்றால் மற்றவர்களைப் பார்த்துக்கொள் என்று வாக்கு வாங்கியது அதே ஆசான். அன்றே இடது கண்ணை இழந்த தகாசுகிக்கு, அந்தக் கண் கடைசியாகப் பார்த்தது கின்டோக்கி அழுததைத்தான். அதனால் அவனால் வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. முந்நூறு எபிசோடு காமெடிக்கு அடியில் இதை ஒளித்துவைத்திருந்தார்கள்.

சாமுராய் சாம்ப்ளூ (2004) அனிமே பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜின் தன் குருவைக் கொன்றவன், முகென் ரியூக்யூ தீவுகளிலிருந்து வந்த ரௌடி. பயணம் முடிந்ததும் உன்னைக் கொல்வேன் என்று இருவருக்கும் ஒப்பந்தம். கடைசியில் மோதும்போது இரண்டு வாளும் உடைகின்றன, விஷயம் அங்கேயே முடிந்தது. எஜமான் இல்லாத, சட்டம் இல்லாத, சேர்ந்து இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லாத இருவர். பிறகு முச்சந்தியில் ஆளுக்கொரு பக்கம் நடையைக் கட்டுகிறார்கள்.

‘அப்படியென்றால் விசுவாசத்துக்கு மதிப்பே இல்லையா, ஹிஜிகாட்டா கடைசிவரை போராடவில்லையா’ என்று கேட்பீர்கள். போராடினார். ஆனால் அந்த மானம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன? 1867இல்தான் அவர்களை ஷோகுனின் நேரடிச் சாமுராய்களாக ஆக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் ஆட்சியே கவிழ்ந்தது. 1868 மே மாதம் எடோவை ஒட்டிய இதாபாஷியில், வென்றவர்கள் கொண்டோவுக்குச் செப்புகு உரிமைகூடக் கொடுக்கவில்லை. குற்றவாளிபோலத் தலையை வெட்டி, கியோட்டோவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். யமானமிக்கு அவர் தந்த மரியாதை அவருக்கே கிடைக்கவில்லை.

ஹிஜிகாட்டாவிடம் எனக்குப் பிடித்த ஒரே இடம் அவர் வாள் வீசும் இடம் இல்லை. 1869, ஹொக்கைடோவின் ஹக்கோதாதே, அவர் உயிரைவிட்ட கடைசிப் போர், தோல்வி உறுதி. தன்னுடன் இருந்த இச்சிமுரா தெட்சுனோசுகே என்ற பையனிடம் தன் புகைப்படத்தையும் கொஞ்சம் முடியையும் கொடுத்து ஹினோவில் இருக்கும் உறவினரிடம் சேர்க்கச் சொல்கிறார். பையன் போக மறுக்கிறான், இங்கேயே சாகிறேன் என்கிறான். போகாவிட்டால் இப்போதே வெட்டிவிடுவேன் என்று மிரட்டி அனுப்பினாராம். ஓடினால் சாவு என்று சட்டம் வைத்திருந்தவர், ஓடாவிட்டால் சாவு என்கிறார்! பையன் ஹினோ போய்ச் சேர்ந்தான். இன்று ரீல்ஸில் சுற்றுகிற அந்த மேற்கத்திய உடைப் படம் அப்படித் தப்பியதுதான் என்பார்கள்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் என் ஆள் நாகாகுரா ஷின்பாச்சிதான். மாட்சுமாயே பிரபுவிடம் வேலைபார்த்த குடும்பம், அதாவது கொண்டோவைப்போல இல்லாமல் பிறப்பாலேயே சாமுராய். 1864லேயே, கொண்டோ எங்களைத் தோழர்களாக நடத்தாமல் வேலைக்காரர்களாக நடத்துகிறார் என்று மேலிடத்தில் புகார் கொடுத்தவர். 1868இல் தோற்று ஓடிவந்த நேரத்தில், இனி என் கீழ் ஊழியனாக இருந்தால் சேர்ந்து போகலாம் என்று கொண்டோ சொல்ல, நான் உன் தோழன், ஊழியன் அல்ல என்று ஹராதாவோடு கிளம்பிவிட்டார். விவசாயி மகனுக்கு எஜமானாகும் ஆசை, சாமுராய் மகனுக்குச் சமமாக இருக்கும் ஆசை!

அதே நாகாகுரா 1876இல் இதாபாஷியில், கொண்டோ வெட்டப்பட்ட இடத்துக்கருகில், கொண்டோவுக்கும் ஹிஜிகாட்டாவுக்கும் நினைவுக்கல் நட்டார். மற்றத் தோழர்களின் பெயர்களும் அதில் உண்டு. துரோகிகள் என்று அரசு முத்திரை குத்தியிருந்தவர்களுக்குக் கல் நட்டது சாதாரண வேலை இல்லை. 1913இல் ஒதாருவின் ஒரு பத்திரிகைக்குத் தன் நினைவுகளைச் சொல்லிவிட்டு, 1915இல் கிழவனாகச் செத்தார். கோபித்துக்கொண்டு பிரிந்துபோனவன்தான் கடைசியில் எல்லோருக்கும் சேர்த்துக் காரியம் செய்தான்.

அவர் பிரிந்துபோகும் காட்சியை ஹாகுவோக்கி அவசரமாகக் கடந்துவிடுகிறது. கோல்டன் கமுய் என்ற அனிமே மட்டும் அவருக்கு வேறொரு பரிசு தருகிறது. ருஷ்ய-ஜப்பான் போருக்குப் பிந்தைய ஹொக்கைடோ, கிழட்டு நாகாகுரா, செத்துப்போனதாக ஊரே நம்பிய ஹிஜிகாட்டா சிறையிலிருந்து தப்பி வந்து அவர் பக்கத்தில். இரண்டு கிழவர்கள் வாளும் துப்பாக்கியுமாகப் புதையல் தேடுகிறார்கள். மறுபடியும் பார்த்தீர்களா, செத்தவனை எழுப்பி நண்பனிடம் கொண்டுவந்து விடுகிற அதே வேலை!

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கமெண்டில் கேட்பீர்கள். கின்டாமா 367 எபிசோடு என்று மிரளவேண்டாம், முதலில் கொஞ்சம் பார்த்துப் பழகிக்கொண்டு 101க்குப் போங்கள். கோல்டன் கமுய் முதல் சீசனிலேயே கிழவர்கள் வந்துவிடுவார்கள். ஹாகுவோக்கியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். யமானமியை யார் வெட்டினார் என்று தெரிந்தபிறகு பார்த்தால் அந்த மருந்துக் குப்பிமேல் அவ்வளவாகக் கோபம் வராது.