ஒப்பந்தம் முடியும்வரை மேடம், முடிந்த பிறகு நம்ம பொண்ணு

முந்தாநாள் ராத்திரி நான் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டையும், அதற்கு அடியில் சம்பந்தப்பட்டவரே வந்து எழுதிய கமெண்டையும் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக முதலிலிருந்து கதை சொல்லப்போவதில்லை, சுருக்கம் மட்டும்: நான் இணையதளம் செய்து கொடுத்த ஒரு பழைய வாடிக்கையாளர், ஒப்பந்தம் முடிந்த பிறகு அதை இலவசமாகச் சரிசெய்யச் சொன்னார், நான் கட்டணம் கேட்டேன், அந்த உரையாடலைத்தான் போட்டேன். பதிவை நான்தான் நீக்கினேன். பயந்து நீக்கவில்லை. பெயரை மறைத்தவள் ஓரத்தில் தெரிந்த நம்பரை மறைக்க மறந்துவிட்டேன், அது என் தப்பு. ஆனால் "காசு வாங்குற வரைக்கும் நல்லா பேசினாங்க, வாங்கினதும் கழற்றி விட்டுட்டாங்க" என்று அவர் எழுதியதற்கு அதற்குள் 43 லைக். அதில் 6 பேர் எனக்கு நேரில் பழக்கமானவர்கள். இந்தப் பதிவு அந்த 6 பேருக்கு.

ஒப்பந்தம் முடிந்து 14 மாதம் ஆகிறது. அது முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, வருடப் பராமரிப்பு வேண்டுமா என்று நானே கேட்டு மெயில் அனுப்பினேன். டொமைன் (சைட்டின் பெயர்) புதுப்பிப்பு, எஸ்எஸ்எல் சான்றிதழ் (சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போவதைப் பூட்டிக் காப்பது), பிளகின் (சைட்டில் சேர்க்கிற துணை மென்பொருள்) அப்டேட், பேக்கப் என்று யாராவது ஒருவர் கண் வைத்திருக்க வேண்டியதையெல்லாம் எழுதியிருந்தேன். வந்த பதில் ஒரே வரி: "இப்போதைக்கு வேண்டாம் மேடம், சைட் நல்லாத்தானே ஓடுது."

நல்லாத்தான் ஓடியது. ஓட்டிக்கொண்டிருந்தவள் நான் என்பதால்.

இப்போது இரவு 10.50-க்கு மெசேஜ். "ஃபார்ம்ல இருந்து மெயில் வரல. அர்ஜென்ட். அஞ்சு நிமிஷ வேலைதான்." இத்தனை மாதம் கழித்துப் பேசுகிறவர் ஒரு வணக்கம் கூடவா சொல்லக் கூடாது? சரி, போகட்டும். நான் எழுதிய பதில் இதுதான்: ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தனி வேலையாக மணிக்கணக்குக் கட்டணத்தில் பார்த்துத் தருகிறேன், சம்மதம் என்றால் காலையில் முதல் வேலையாக எடுக்கிறேன். அதற்கு, "இதுக்குமா காசு? நீங்கதானே செஞ்சீங்க?" இதில் நான் எந்த இடத்தில் கழற்றி விட்டேன் என்று அந்த 6 பேரில் யாராவது சொல்லுங்கள்.

அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன். ஃபார்மை நிரப்பி அனுப்பினால் "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று திரையில் வருகிறது, ஆனால் மெயில் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் ஃபார்ம் கெட்டுப்போகவில்லை, மெயில் வழியில் எங்கோ தொலைகிறது. சர்வர் அதை அனுப்பியதா? ஸ்பேமில் விழுந்ததா? ஜிமெயில் திருப்பி அடித்ததா? கேட்டால்தான் தெரிகிறது, நடுவில் ஹோஸ்டிங்கை, அதாவது சைட் குடியிருக்கிற சர்வரை, மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பட்டியல்) நான் போட்டு வைத்திருந்த எஸ்பிஎஃப் பதிவை, அதாவது எந்த சர்வர் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்கிற வரியை, புது இடத்துக்கு எடுத்துப் போனாரா? 2024 பிப்ரவரியிலிருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜிமெயில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இல்லையென்றால் மெயில் சேரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. சரி, டிஎன்எஸ்ஸைத் திறந்து பார்க்கலாம் என்றால் லாகின் யாரிடம் இருக்கிறது? வேலையை விட்டுப்போன ஒருவரிடம். ஓடிபி யாருக்குப் போகிறது? அவருடைய பழைய மெயிலுக்கு. கடைசியில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது அஞ்சு நிமிஷம்தான், நான் மறுக்கவே இல்லை. அதற்கு முன்னால் இருக்கிற அரை நாள்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

இணையதளம் என்ன, வாங்கி மூலையில் நிறுத்திய பீரோவா? நாம் தொடாவிட்டாலும் அதைச் சுற்றியிருப்பதெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். எஸ்எஸ்எல் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் அதன் அதிகபட்ச ஆயுளை 398 நாளாகக் குறைத்தார்கள், 2029 மார்ச்சில் அது 47 நாளாகப்போகிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது என் பிழைப்புக்காக நான் கிளப்பிவிட்ட புரளி இல்லை. ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்தது நீங்கள். அந்த முடிவின் செலவை மட்டும் ராத்திரி 10.50-க்கு என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

"அட, ஒரு தடவை செஞ்சு கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்று ஒரு அண்ணன் இன்பாக்ஸில் கேட்டார். என்ன குறையும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. இது 2023-இல் நடந்தது, வேறொரு பழைய வாடிக்கையாளர். ஒப்பந்தம் முடிந்து 5 மாதம் ஆகியிருந்தது. பக்கத்தின் அடியில் இருக்கிற போன் நம்பரை மாற்றித் தரச் சொன்னார். இதற்குப் போய்க் காசா என்று நானும் பெருந்தன்மையாக உள்ளே போய் நம்பரை மாற்றிவிட்டு வந்தேன். நிஜமாகவே இரண்டு நிமிஷ வேலை. மூன்றாம் நாள் சைட் முழுக்க வெள்ளைத் திரை.

நடந்தது என்னவென்றால், சைட் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஹெச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பர் 28-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவர்களுடைய ஹோஸ்டிங்காரர்கள் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாக அந்த வாரம் பார்த்து சர்வரை 8-க்கு ஏற்றிவிட்டார்கள். சைட்டில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு பழைய ஸ்லைடர் பிளகின் இருந்தது, அதுவும் அவர்களே அடம்பிடித்துப் போடவைத்தது. அது பயன்படுத்திய ஒரு பிஹெச்பி ஃபங்ஷனுக்கு (தயார்க் கட்டளை) 2017-இல் வந்த 7.2 பதிப்பிலேயே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், 8.0-இல் தூக்கியே விட்டார்கள். இதை எவ்வளவு சொல்லியும் அவரிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "நீங்க உள்ளே போயிட்டு வந்த அப்புறம்தான் மேடம் போச்சு."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. எனக்கு வேட்டி ஒன்றுதான் இல்லை. அந்த வாரம் அப்பாவுக்குக் கண் அறுவைசிகிச்சை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு பைசா வாங்காத வேலைக்கு நான் குற்றமற்றவள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து அப்பா பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், என் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா தோளைத் தட்டினார். சைட் சரியானதும் அவரிடமிருந்து வந்தது ஒரு கட்டைவிரல் எமோஜி.

அன்றைக்கு எடுத்த முடிவுதான், ஒப்பந்தம் முடிந்தால் முடிந்தது. நல்லவர், கெட்டவர், சின்ன வேலை, பெரிய வேலை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது, அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். "உங்கள் வேலையிலேயே பிழை இருந்தால்?" அதற்கு ஒப்பந்தத்தில் 90 நாள் எழுதியிருக்கிறேன், அதற்குள் நான் எழுதிய நிரலில் எது கெட்டாலும் இலவசம். 90 தாண்டினாலும் தப்பு என்னுடையது என்றால் காசு கேட்டதில்லை. ஒரு ரிப்போர்ட்டில் நாளும் மாதமும் இடம் மாறி விழுவதை 8 மாதம் கழித்து நானே கண்டுபிடித்து, நானே போன் போட்டுச் சொல்லி, நானே திருத்தினேன். மன்னிப்பும் கேட்டேன். யார் எதைக் கெடுத்தார்கள் என்பது முக்கியம்தான், அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் ஹோஸ்டிங்கை மாற்றியது நான் இல்லையே.

"உங்களுக்குத்தானே உள்ளும் புறமும் தெரியும்" என்பவர்களுக்கு: 19 பக்கத்துக்கு ஒப்படைப்பு ஆவணம் எழுதிக் கொடுத்தேன். எந்த லாகின் எங்கே, எது எப்போது காலாவதி, எதை மாற்றினால் எது உடையும், எல்லாம் படத்தோடு. கொடுத்த அன்று, "இவ்வளவு பெருசா இருந்தா யார் மேடம் படிப்பாங்க" என்றார்கள். முந்தாநாள் அதைப் பற்றிக் கேட்டபோது, "அது எங்க இருக்குன்னு தெரியல, திரும்ப அனுப்புங்க."

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்தது. அவர்களுக்கு ராத்திரி மெசேஜ் போட்டு "நீங்கதானே செஞ்சீங்க" என்று கேட்டவர் யாராவது உண்டா? பெரிய கம்பெனி முடித்தால் அது பாலிசி. தனி ஆள் முடித்தால் திமிர்.

அப்புறம் இந்த "உறவு முக்கியம்மா" கோஷ்டி. இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு நாலு வேலை வருமாம். எனக்குத் தெரிந்து அந்த நாலு வேலையும் இலவச வேலைதான் வந்தது. ஒப்பந்தம் ஓடும்வரை நான் மேடம், இன்னும் சரியாகச் சொன்னால் 'வெண்டர்'. மூன்றாவது இன்வாய்ஸுக்கு 74 நாள் காத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் "அக்கவுண்ட்ஸ்ல ப்ராசஸ்ல இருக்கு மேடம்." ஒப்பந்தம் முடிந்ததும் நான் "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" ஆகிவிட்டேன். வீட்டுப் பொண்ணுக்கு எதற்கு சார் ப்ராசஸ்? அந்த 74 நாளும் நான் யார் வீட்டுப் பொண்ணாக இருந்தேன்? வேலை நடந்த 9 மாதத்தில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு குரல் கேட்கவில்லை. இப்போது உறவாம்.

"ஒரு பெண் இவ்வளவு கறாராகப் பேசலாமா" என்றும் ஒரு கமெண்ட் இருந்தது. அதற்குப் பதில் கிடையாது.

தப்பு என் மீதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்த முதல் மூன்று மாதத்தில் இவர்களுக்கே நாலு சின்ன வேலைகளைச் சும்மா செய்து கொடுத்திருக்கிறேன். அப்போதே ஒவ்வொன்றுக்கும் பில் எழுதி, தள்ளுபடி 100 சதவீதம் என்று போட்டாவது அனுப்பியிருக்க வேண்டும். இலவசமாக வருவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று அவர்களுக்கு நான் காட்டவே இல்லை. 2023-இல் அவ்வளவு பட்டும் புத்தி வராமல், பழக்கிவிட்டது நான்தான்.

ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டதும் தப்புதான். போட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். 11.40 வாக்கில் அவர்கள் சைட்டின் லாகின் பக்கத்தைத் திறந்தேன். பழைய பாஸ்வேர்டை பிரௌசர் தானே நிரப்பியது. எண்டரைத் தட்டினேன், உள்ளே போய்விட்டது. என் கணக்கை நீக்கிவிடுங்கள் என்று ஒப்படைப்பு ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில், முதல் வரியில், தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன். 14 மாதமாக என் சாவி அவர்கள் பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போனதும் ஒன்று ஞாபகம் வந்தது. மெயில் போகாவிட்டாலும் ஃபார்மில் வருவதெல்லாம் டேட்டாபேஸிலும் சேரும்படி அன்றைக்கே செய்துவைத்திருந்தேன். இப்படி ஒரு நாள் வரும் என்றுதான். போய்ப் பார்த்தால் படிக்கப்படாமல் 31 விசாரணைகள். ஒருவர் மூன்று தடவை எழுதியிருக்கிறார், மூன்றாவதில் "தயவுசெய்து யாராவது பதில் சொல்லுங்கள்" என்று. வேறு எதையும் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். "சார், கவலைப்படாதீங்க, எதுவும் தொலையல" என்று எனக்கு மெசேஜ் போட்ட வாடிக்கையாளருக்கு டைப் செய்ய ஆரம்பித்தேன். காசைப் பற்றி யோசிக்கவே இல்லை. பாதி அடித்திருப்பேன், திரையின் மேல் நோட்டிஃபிகேஷன் விழுந்தது. "காசு வாங்குற வரைக்கும் நல்லா பேசினாங்க..."

அந்தப் பாதி மெசேஜ் இன்னும் அப்படியே கிடக்கிறது.

நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும் சார். 31 பேரும் பத்திரமாக இருக்கிறார்கள். டாஷ்போர்டில் இடது பக்கம், மேலிருந்து ஆறாவது மெனு. ஒப்படைப்பு ஆவணத்தில் 11-ஆம் பக்கம். அந்த மூன்று தடவை எழுதியவருக்கு முதலில் போன் பண்ணுங்கள். அப்படியே என் கணக்கையும் நீக்கிவிடுங்கள்.