இரண்டு நாட்டு வகுப்பறைகளுக்கு நடுவே ஒரு கேள்வி வேண்டும்

வேறு வேறு நாடுகளில் உள்ள இரண்டு வகுப்புகள் திரையில் ஒன்றையொன்று பார்த்துக் கையசைத்து, ஆளுக்கொரு பாட்டுப் பாடி, தத்தம் கொடியைக் காட்டிவிட்டு விடைபெறும் முக்கால் மணி நேர நிகழ்ச்சியை உலகளாவிய கல்வி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தைகள் அதில் மகிழ்கிறார்கள் என்பது உண்மை. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவும் இல்லை. ஆனால் சில நாட்கள் கழித்து, அந்த நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால், அவர்களுடைய சீருடை, உணவு, நடனம் என்று சுற்றுலாக் கையேட்டில் கிடைக்கும் விவரங்களே பதிலாக வருகின்றன. சேர்ந்து ஒரு வேலை செய்யாதவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவர் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே எழுவதில்லை. நாடு கடந்து மாணவர்களை இணைக்க விரும்பும் ஆசிரியர்களிடம் நான் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்: காணொளி அழைப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்னால், எந்த வகுப்பும் தனியாக விடை காண முடியாத, சேர்ந்தால் மட்டுமே விடை கிடைக்கிற ஒரு கேள்வியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அப்படிப்பட்ட கேள்விக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் நண்பகல் நிழல். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இருந்துகொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். தெற்கே சயீனில், அதாவது இன்றைய அஸ்வானில், ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட நாளின் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதே நேரத்தில் வடக்கே அலெக்சாந்திரியாவில் சூரியன் உச்சியிலிருந்து ஒரு முழு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, விலகியிருப்பதை நிழலிலிருந்து கண்டார். இரு நகரங்களுக்கும் இடையேயான தொலைவை 50-ஆல் பெருக்கியதும் அவருக்கு விடை கிடைத்தது.

இதே அளவீட்டை இன்றும் தொலைதூர நாடுகளின் பள்ளிகள் சேர்ந்து செய்கின்றன. செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர் நீளக் கோல், ஓர் அளவுநாடா, மேகமில்லாத வானம் ஆகியவை இருந்தால் போதும். இரு பள்ளிகளும் முன்பே பேசி வைத்த ஒரே நாளில், தத்தம் ஊரின் நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைத் தரையில் குறித்துவர வேண்டும். அவற்றுள் மிகக் குட்டையான நிழலையும் கோலின் உயரத்தையும் கொண்டு சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை விலகியிருந்தது என்று கணக்கிட வேண்டும். இரு கோணங்களுக்கும் வித்தியாசம் 9 பாகை என்றும், இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தொலைவு 1,000 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 360-ஐ 9-ஆல் வகுத்தால் 40. அதை 1,000-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ அவ்வளவுதான்.

இந்தச் செயலில் என்னைக் கவர்வது விடையின் துல்லியத்தைவிட, அதை அடைய இரு வகுப்புகளும் ஒன்றையொன்று எவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது என்பதுதான். ஒரு பள்ளி எத்தனை கவனமாக அளந்தாலும், தன் கையில் உள்ள ஒரே ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு அதனால் எதையும் சொல்லிவிட முடியாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மாணவி கோலைச் சற்றே சாய்வாக நட்டிருந்தால், இந்தப் பக்கத்தின் விடையும் கெட்டுவிடும். ஆகவே கோல் செங்குத்தாக இருந்தது என்பதை எப்படிச் சரிபார்த்தீர்கள், தரை சமமாக இருந்ததா, நிழலின் மங்கலான விளிம்பில் எந்த இடத்தைக் குறித்தீர்கள் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. உனக்குப் பிடித்த விளையாட்டு எது என்ற கேள்விக்கு வரும் பதிலை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. தன்னுடைய கணக்கு சரியாவதற்குத் தேவையான பதிலை ஒரு மாணவன் வரி வரியாகப் படிக்கிறான், புரியாவிட்டால் மறுபடியும் கேட்கிறான்.

இரு பள்ளிகளில் ஒன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் மற்றொன்று தெற்கிலும் இருந்துவிட்டால் இந்தப் பாடம் இன்னும் செறிவாகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், வடபாதியின் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும். தென்பாதியின் நிழல் தெற்கு நோக்கி விழும். இரண்டு கோணங்களையும் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள் என்று ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வேன். கழித்துப் பார்த்துப் பொருந்தாத விடை வந்ததும், எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் திசையைத் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்றுதான் இரு வகுப்புகளும் முதலில் நினைக்கும். படம் வரைந்து அனுப்பி, திசைகாட்டியோடு புகைப்படம் எடுத்து அனுப்பி, கடைசியில் இரண்டும் சரி என்று அவர்களே கண்டறிவதற்கு ஒரு வாரம் ஆனாலும் அந்த வாரம் வீணல்ல. தனக்குப் பிழையாகத் தோன்றிய ஒன்று, அடுத்தவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பிழையற்றது என்பதை அவர்கள் அளந்து தெரிந்துகொண்டிருக்கிறார்கள். பிற நாட்டவரை மதிக்க வேண்டும் என்ற அறிவுரையை எத்தனை முறை சொன்னாலும் இந்த அனுபவத்துக்கு அது ஈடாகாது.

இந்த எண்ணம் புதியதும் அல்ல, இணையத்தால் பிறந்ததும் அல்ல. பிரான்சு நாட்டு ஆசிரியர் செலஸ்தின் பிரெனே 1920-களிலேயே தென்பகுதிச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வைத்து, பிள்ளைகள் தாங்களே எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து அச்சிடச் செய்தார். அந்தத் தாள்களைப் பிரிட்டனிப் பகுதியின் கடலோர ஊரில் ரெனே தானியல் என்ற ஆசிரியரின் வகுப்போடு அஞ்சலில் பரிமாறிக்கொண்டார். இருவரும் ஒரே நாட்டவர் என்றாலும், ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் மீன்பிடிக் கடல் என்று இரு வகுப்புகளும் இரு உலகங்களில் வாழ்ந்தன. தன் ஊரை அறியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்ற நினைவு அந்தப் பிள்ளைகளின் எழுத்தை மாற்றியது. ஆசிரியருக்காக எழுதும்போது, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே மாணவன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

கணினிகள் பள்ளிக்குள் வந்த பிறகு இதே முயற்சி நாடுகளின் எல்லையைத் தாண்டியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரெதிர் முகாம்களில் நின்ற காலத்தில், 1988-ல், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் தொலைத்தொடர்பு வழியாக இணைத்துத் தொடங்கிய திட்டமே பின்னர் ஐஎர்ன் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. அங்கே ஒரு திட்டத்தை முன்வைப்பவர், இந்தத் திட்டம் இப்பூவுலகின் வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு மேம்படுத்தும் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். நார்வேயில் 1990-ல் தொடங்கிய கிட்லிங்க் என்ற சிறுவர் தொடர்புத் திட்டம், தன்னிடம் வந்த ஒவ்வொரு சிறுவரிடமும் நான்கு கேள்விகள் கேட்டது: நான் யார், வளர்ந்ததும் என்ன ஆக விரும்புகிறேன், அப்போது உலகம் எப்படி மேம்பட்டிருக்க வேண்டும், அதற்காக இப்போது நான் என்ன செய்ய முடியும். இந்தக் கேள்விகளின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அவற்றுக்கு ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்தே விடை எழுதிவிடலாம். அவ்விடைகளுக்கு இடையே உறவை உண்டாக்கும் பொறுப்பு முழுவதும் ஆசிரியரின் தோளில் விழுகிறது.

அந்தப் பொறுப்பைத் திட்டத்தின் அமைப்பிலேயே சேர்த்தவர் மார்கரெட் ரீல் என்ற அமெரிக்கக் கல்வியாளர். அவர் வடிவமைத்த கற்றல் வட்டங்களில் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வகுப்புகள் ஒரு பருவ காலத்துக்குச் சேர்கின்றன. ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஓர் ஆய்வை முன்வைக்கிறது. மற்ற வகுப்புகள் அனைத்தும் அதற்குத் தகவல் திரட்டித் தருகின்றன. முன்வைத்த வகுப்பு அவற்றைத் தொகுத்து வெளியிட்டு எல்லோருக்கும் அனுப்புகிறது. ஒவ்வொருவரும் ஒரு முறை கேட்பவர், பல முறை கொடுப்பவர். நான் அறிந்த வடிவங்களில் மிகவும் நியாயமானது இதுவே.

அளவில் மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று குளோப் திட்டம். 1994-ஆம் ஆண்டு புவி நாளன்று அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு புவி நாளில் செயலுக்கு வந்த இத்திட்டத்தில், பல நாட்டு மாணவர்கள் காற்றின் வெப்பநிலை, மழையளவு, மேகங்கள், மண்ணின் ஈரம், நீரின் தன்மை ஆகியவற்றை ஒரே விதிமுறைப்படி அளந்து பொதுத் தரவுத்தளத்தில் பதிகிறார்கள். மாணவர்கள் கீழிருந்து பார்த்த மேகத்தை, ஏறக்குறைய அதே நேரத்தில் நாசாவின் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்த மேகத்தோடு ஒப்பிடுகிறார்கள். தாழ்வான மேகம் ஒன்று உயரமான மேகத்துக்குக் கீழே மறைந்திருந்தால் செயற்கைக்கோளுக்கு அது தெரியாமல் போகலாம். பள்ளி மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியும். தன் பதிவை வேறொருவர் உண்மையிலேயே பயன்படுத்துகிறார் என்பதைவிடப் பெரிய ஊக்கம் ஒரு மாணவனுக்கு வேண்டியதில்லை.

நான் கடுமையாக எதிர்க்கும் ஒரு வகைத் திட்டமும் உண்டு. வசதி மிக்க நாட்டின் பள்ளி ஒன்று வசதி குறைந்த நாட்டின் பள்ளிக்குப் புத்தகங்களோ பணமோ அனுப்ப, பெற்றுக்கொண்ட பிள்ளைகள் வரிசையாக நின்று திரையில் நன்றி சொல்வதைக் கூட்டுக் கல்வி என்று அழைக்கிறார்கள். உதவி செய்வது நல்ல செயல்தான்; அதைப் பெரியவர்கள் பெரியவர்களுக்குள் செய்துகொள்ளட்டும். இரு குழுக்களின் தொடர்பு தப்பெண்ணங்களைக் குறைப்பதற்குச் சம மதிப்பு, பொதுவான இலக்கு, அதற்கான கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவு என்ற நான்கும் வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே விளக்கியிருக்கிறார். கொடுப்பவர், பெறுபவர் என்று பிரித்து நிறுத்திய கணமே முதல் நிபந்தனை உடைந்துவிடுகிறது. ஒரு பக்கத்துப் பிள்ளைகள் பரிதாபத்தைக் கற்கிறார்கள், மறுபக்கத்துப் பிள்ளைகள் பணிவைக் கற்கிறார்கள். நிழலை அளக்கும்போது எந்தப் பள்ளியின் கோலும் மற்றதைவிட உயர்ந்ததில்லை.

வசதியைப் பற்றிப் பேசும்போது இணைய இணைப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். 3 முதல் 17 வயதுவரை உள்ள குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. நேரலைக் காணொளியையே மையமாகக் கொண்ட திட்டம் இவர்களில் பெரும்பாலோரைத் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்று திட்டமிட்டால், வகுப்பில் ஒரு கணினிகூட இல்லாத பள்ளியும் முழு உரிமையோடு பங்கேற்கலாம்.

மெதுவான வழிக்கு வேறு நன்மைகளும் உண்டு. நேரலையில் பொதுமொழியைச் சரளமாகப் பேசும் இரண்டு மூன்று மாணவர்களே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மொழியை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கற்றவர்கள் பின்வரிசையில் அமைதியாகிவிடுகிறார்கள். எழுதி அனுப்புவது என்றால், அகராதியைப் பார்க்கவும் தோழியிடம் கேட்கவும் திருத்தவும் அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. உலக நேர வேறுபாடு என்ற தொல்லையும் மறைந்துவிடுகிறது. ஒருவர் பள்ளி முடிந்து போகும் நேரத்தில் மற்றவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் கடிதம் காத்திருக்கும்.

கல்வியாண்டுகளின் வேறுபாட்டை மட்டும் எவ்வழியாலும் தவிர்க்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியையொட்டியும், ஜப்பானில் ஏப்ரலிலும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் செப்டம்பரையொட்டியும் வகுப்புகள் தொடங்குகின்றன. ஒரு பக்கத்தில் தேர்வுக் காலமும் மறுபக்கத்தில் நீண்ட விடுமுறையும் வரும் மாதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், பொதுவாகக் கிடைக்கும் வாரங்கள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. பள்ளி நாட்காட்டிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்காமல் எந்தத் திட்டத்துக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இத்திட்டங்கள் பாதியில் நின்றுபோவதற்கு நான் கண்ட முதன்மைக் காரணம் நாட்காட்டியும் இல்லை, இணையமும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து பதில் வராமல் போவதே காரணம். தாங்கள் ஆர்வத்தோடு அனுப்பியதற்கு மூன்று வாரங்களாக எந்தச் செய்தியும் வராதபோது பிள்ளைகள் அதைத் தங்கள் மீதான அலட்சியமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பக்கத்து ஆசிரியர் இடம் மாற்றப்பட்டிருக்கலாம், நோயுற்றிருக்கலாம், தேர்வுத்தாள் திருத்தும் சுமையில் இருக்கலாம். அது அவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தப் பழியை ஆசிரியர்கள் மேல் சுமத்த எனக்கு மனமில்லை. பெரும்பாலான இடங்களில் அவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்துத்தான் இதைச் செய்கிறார்கள். கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூட ஒதுக்காமல், பணி மதிப்பீட்டில் ஒரு வரிகூடச் சேர்க்காமல், ஆண்டு மலரில் மட்டும் பன்னாட்டுத் தொடர்பு என்று படம் போட்டுக்கொள்ளும் நிர்வாகங்கள்தான் இந்த மௌனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே தொடங்க விரும்பும் ஆசிரியர் ஒரே ஒரு வகுப்போடு, ஆறு வாரங்களுக்கு, ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கட்டும். கேள்வி தங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றாக இருக்கட்டும். கூடுதல் சுமையாக வந்தது எதுவும் தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படும். பிள்ளைகளின் முழுப்பெயர், முகவரி, முகம் ஆகியவை வெளியே போகாமல் வகுப்பின் பெயரிலேயே கடிதங்கள் போகட்டும். படம் அனுப்புவதென்றால் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் கைக்கு வந்த பிறகு அனுப்பட்டும். இரு ஆசிரியர்களும் முதல் கடிதத்திலேயே, எத்தனை நாட்களுக்குள் பதில் அனுப்புவோம் என்பதையும், தாங்கள் விடுப்பில் இருந்தால் தங்களுக்குப் பதிலாக யார் எழுதுவார் என்பதையும் பெயரோடு குறித்துக்கொள்ளட்டும்.